மலைமேல் சாண்ட் பிளாஸ்டிங்: குறைந்த விலைக் கைத்துப்பாக்கி வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கோத்தகிரியில் ஒரு காரை வெளியே நிறுத்தி வைத்தால் அதற்குத் துருப்பிடிக்க மழை வர வேண்டியதில்லை, மூடுபனியே போதும். என்னிடம் இருப்பது பழைய மாருதி 800. அதன் பேட்டரித் தட்டு, கதவுக் கீல்கள், பிரேக் பின்தட்டுகள், சைலன்சர் தாங்கிகள் எல்லாவற்றையும் வயர் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்துச் சலித்துப்போய், கையில் பிடித்து அடிக்கும் சாண்ட் பிளாஸ்டர் ஒன்றை வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். கம்ப்ரசர் அழுத்திக் கொடுக்கும் காற்றின் வேகத்தில் கரடான துகள்களை அடித்துத் துருவை உரிக்கும் துப்பாக்கி அது. துப்பாக்கியின் விலை 1,200 ரூபாய்தான். ஆனால் அதை ஒழுங்காக வேலை செய்ய வைப்பதற்குள் இரண்டு மழைக்காலங்கள் போயின. தவறாக வாங்கிய பொருள்களுக்கு அதைப்போலப் பல மடங்கு பணமும் போனது. துப்பாக்கியை முதலில் வாங்கியதுதான் நான் செய்த தவறு. அதைக் கடைசியில் வாங்க வேண்டும் என்பதால், கீழே உள்ள படிகளும் அந்த வரிசையிலேயே இருக்கின்றன.

1. பாகங்களை எண்ணிப் பாருங்கள்

ஒரு மேசையின் மேல் நீங்கள் சுத்தம் செய்ய நினைக்கும் பாகங்கள் அனைத்தையும் பரப்பி வையுங்கள். பத்துப் பதினைந்து பாகங்களுக்குள் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு, அவற்றை ஒரு சாக்கில் கட்டிக் கோயம்புத்தூரில் பிளாஸ்டிங் செய்யும் பட்டறை ஒன்றில் கொடுத்துவிடுவதே மலிவு. போல்ட், நட்டு, வாஷர் போன்றவற்றை ஓர் இரவு வினிகரில் ஊறவைத்து, மறுநாள் சோடா மாவு கரைத்த நீரில் கழுவினாலே பெரும்பாலான துரு போய்விடும். ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்றைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பவர்களுக்குத்தான் சொந்தத் துப்பாக்கி கட்டுப்படியாகும்.

எண்ணும்போதே சிலவற்றைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். பேரிங்குகள், பிரேக் சிலிண்டரின் உட்புறம், கார்புரேட்டரின் ஜெட் துளைகள், எண்ணெய் ஓடும் வழிகள் உள்ள எஞ்சின் பாகங்கள் ஆகியவற்றின் மேல் எதையும் அடிக்கக் கூடாது; உள்ளே தங்கிவிடும் ஒரு துகள் போதும், பாகம் பாழாகிவிடும். கதவு, பானட் போன்ற மெல்லிய தகடுகள் அடியின் வேகத்தில் நெளிந்துவிடும். இன்னொன்றைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. சேஸிஸ் எண்ணோ எஞ்சின் எண்ணோ பொறிக்கப்பட்ட இடத்தின் அருகில் துப்பாக்கியைக் கொண்டு போகாதீர்கள். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்பட வேண்டியது. அப்போது ஆய்வாளர் அந்த எண்ணைப் பதிவுச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். எழுத்துகள் மழுங்கிப்போயிருந்தால் துருவைக் காட்டிலும் பெரிய தலைவலி அதுதான்.

2. காற்றுக் கணக்கைப் போட்டுவிட்டுக் கம்ப்ரசரைத் தேர்ந்தெடுங்கள்

துப்பாக்கியின் பெட்டியில் "90 பி.எஸ்.ஐ." என்று காற்றழுத்தத்தைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த எண்ணை வைத்துக் கம்ப்ரசர் வாங்கக் கூடாது. எந்தச் சின்னக் கம்ப்ரசரும் 90 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைக் கொடுத்துவிடும், அந்த அழுத்தத்தில் நிமிடத்துக்கு எவ்வளவு காற்றைத் தொடர்ந்து கொடுக்கிறது என்பதுதான் கேள்வி. அதைச் சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) என்ற அளவில் சொல்வார்கள்.

துப்பாக்கிக்குள் காற்று வெளியேறும் சிறு துளை ஒன்று இருக்கிறது. அந்தத் துளை 2 மில்லிமீட்டர் என்றால் 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் ஏறத்தாழ 8 சி.எஃப்.எம். காற்றைக் குடிக்கும். அதுவே 3 மில்லிமீட்டர் என்றால் 17 முதல் 19 வரை போகும். விட்டம் ஒன்றரை மடங்கு ஆனால் பரப்பு இரண்டேகால் மடங்கு ஆகிறது என்பதை மறந்துவிட்டு, ஒரு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தவன் நான். கோயம்புத்தூரில் நான் போன கடையில், 1 எச்.பி. மோட்டாரும் 25 லிட்டர் தொட்டியும் கொண்ட கம்ப்ரசரைக் காட்டி இது போதுமா என்று கேட்டபோது, "ஓடுமுங்க சார், தாராளமா எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். ஓடத்தான் செய்தது. விசையை அழுத்திப் பத்து நொடிக்குள் அழுத்தமானியின் முள் சரிந்து விழுந்துவிடும்; அது மறுபடி ஏறுவதற்கு ஒரு நிமிடத்துக்கும் மேலாகும். ஒரு கீலைச் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் ஆனது. உப்புத்தாளே வேகமாக இருந்திருக்கும்.

மலைமேல் இருப்பவர்களுக்கு இதோடு இன்னொரு கழித்தலும் உண்டு. கோத்தகிரியும் குன்னூரும் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. உதகை 2,240 மீட்டர். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு அருகில். உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால், சமவெளியில் ஓடும் அதே கம்ப்ரசர் கோத்தகிரியில் ஒவ்வொரு இழுப்பிலும் ஐந்தில் ஒரு பங்கு குறைவான காற்றையே உள்ளே எடுக்கும். உதகையில் அந்த இழப்பு கால் பங்கை நெருங்கும். துப்பாக்கியின் பசியோ ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்.

அதனால் கம்ப்ரசர் வாங்கும்போது இப்படிக் கணக்கிடுங்கள். விளம்பரத்தில் பெரும்பாலும் பிஸ்டன் ஒதுக்கும் கொள்ளளவைத்தான் போடுவார்கள். கடைக்காரரிடம் எஃப்.ஏ.டி. எனப்படும், உண்மையில் வெளியே வரும் காற்றின் அளவைக் கேளுங்கள். அது தெரியவில்லை என்றால், விளம்பர எண்ணில் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து மலைக்காக ஐந்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 9 சி.எஃப்.எம். என்று எழுதியிருக்கும் 2 எச்.பி. இயந்திரம் உங்கள் வீட்டுக் கொல்லையில் 5 சி.எஃப்.எம். கூடக் கொடுக்காது என்பது அப்போது தெரியவரும்.

5 சி.எஃப்.எம். காற்றை வைத்துக்கொண்டு 2 மில்லிமீட்டர்த் துளையில் வேலை செய்யலாம். ஆனால் நிறுத்தி நிறுத்தித்தான் செய்ய வேண்டும். தொட்டி 50 லிட்டர் என்றால் தொடர்ந்து ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக அடிக்கலாம், பிறகு அதே அளவு ஓய்வு. சிறு பாகங்களுக்கு இது போதும். பாகத்தைத் திருப்பி வைப்பதற்கும் நேரம் வேண்டுமே. 100 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டியும் பெல்ட்டும் உள்ள 2 எச்.பி. அல்லது 3 எச்.பி. கம்ப்ரசர் பழையதாகக் கிடைத்தால், புதிய சிறிய இயந்திரத்தைவிட அதையே நான் எடுப்பேன். ஆனால் தொட்டியின் அடிப்பகுதியைத் தட்டிப் பாருங்கள். வடிகால் திருகைத் திறந்தால் செம்பழுப்பு நீர் கொட்டினால் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். உள்ளே அரித்துப்போன தொட்டி வெடிகுண்டுக்குச் சமம்.

மின்சாரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 2 எச்.பி. மோட்டார் ஓடும்போது 8 அல்லது 9 ஆம்பியர்தான் இழுக்கும். ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட்டும், அந்த நொடிநேர இழுப்புக்கு விழுந்துவிடாத சி வகை எம்.சி.பி.யும் (மின்னோட்டம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும். நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டாதீர்கள். கம்ப்ரசரைச் சாக்கெட்டின் பக்கத்திலேயே வைத்துவிட்டுக் காற்றுக்குழாயை நீளமாக்குங்கள்.

3. துப்பாக்கியின் வகை

இப்போதுதான் துப்பாக்கி. குறைந்த விலையில் இரண்டு வகைகள் உண்டு. ஒன்று தலையில் கிண்ணத்தைச் சுமப்பது. ஏறத்தாழ ஒரு கிலோ துகள் பிடிக்கும், இரண்டு மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். மற்றது ஒரு குழாயை வாளிக்குள் விட்டு உறிஞ்சுவது. கிண்ணம் உள்ளதில் துகள் தன் எடையாலேயே இறங்குவதால் குறைந்த காற்றிலும் ஒழுங்காக வரும். ஆனால் அதைச் சாய்த்துப் பிடித்து மூலை முடுக்குகளில் அடிக்க முடியாது. உறிஞ்சும் வகையை எப்படி வேண்டுமானாலும் பிடிக்கலாம், ஏழாம் படியில் வரும் பெட்டிக்குள் வைத்து அடிக்க வசதி. ஆனால் காற்று குறைந்தால் இழுக்காது. எங்களைப் போல மெல்லிய காற்றில் சிறிய கம்ப்ரசர் வைத்திருப்பவர்களுக்குக் கிண்ணத் துப்பாக்கியே பொருத்தம் என்பது என் கருத்து. அழுத்தத் தொட்டியோடு வருவதை இந்த அளவு வேலைக்கு நினைக்கவே வேண்டாம்.

வாங்கும்போது முனையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் காற்றுத் துளையை, ஒரு 2 மில்லிமீட்டர் டிரில் பிட்டைச் சட்டைப்பையில் கொண்டுபோய் நீங்களே அளந்து பாருங்கள். பிட் சற்று இறுக்கமாக நுழைந்தால் சரி. லொடலொடவென்று ஆடினால் அது உங்கள் கம்ப்ரசருக்கானது அல்ல. வெளியே உள்ள, துகள் வெளியேறும் நாசில் அந்தத் துளையைப்போல இரு மடங்கு விட்டம் இருப்பது இயல்பு. 4 அல்லது 5 மில்லிமீட்டர் நாசிலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் வெள்ளைச் செராமிக் நாசில்தான் கொடுப்பார்கள். அது சில மணி நேர வேலையிலேயே அகன்றுவிடும், கீழே விழுந்தால் உடைந்துவிடும். அதே அளவில் டங்ஸ்டன் கார்பைடு நாசில் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் துப்பாக்கிக்குப் பணம் கொடுக்க வேண்டும். நாசிலின் அளவு அந்தத் தயாரிப்புக்கு மட்டுமே உரியதாக இருந்தால், நாசில் தேயும் நாளில் துப்பாக்கியும் குப்பைக்குப் போகும். என் முதல் துப்பாக்கி அப்படித்தான் போனது.

4. துகள்: மணலைத் தொடாதீர்கள்

பெயர்தான் சாண்ட் பிளாஸ்டிங். ஆற்று மணலையோ எம்-சாண்டையோ அதில் போடக் கூடாது. மணல் உடையும்போது கிளம்பும் சிலிக்காத் தூள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியது. அது நுரையீரலுக்குள் போய்த் தங்கினால் சிலிகோசிஸ் வரும், அதைத் திருப்ப மருந்து கிடையாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அது அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. எம்-சாண்டும் பாறையை உடைத்த தூள்தான், அதிலும் குவார்ட்ஸ் எனும் சிலிக்கா உண்டு.

இரும்புப் பாகங்களுக்கு 80 மெஷ் (துகளின் பருமனைக் குறிக்கும் சல்லடை அளவு) அலுமினியம் ஆக்சைடோ, கடற்கரைத் தாதுமணலில் கிடைக்கும் கடினமான கனிமமான கார்னெட்டோ போதும். கார்னெட் மலிவு, அலுமினியம் ஆக்சைடு விலை கூடுதலானாலும் சலித்துச் சலித்துப் பலமுறை பயன்படுத்தலாம். கார்புரேட்டர் உடலின் வெளிப்புறம், ஆல்டர்னேட்டர் மூடி போன்ற அலுமினியப் பாகங்களுக்கு நுண்ணிய கண்ணாடி மணிகளை வாங்கிக்கொள்ளுங்கள். அழுத்தத்தையும் 40 அல்லது 50 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்துவிடுங்கள். கார்னெட் நம் தென்கடற்கரையில் அள்ளப்பட்ட பொருள்தான். 2013-இல் மாநில அரசு தாதுமணல் அள்ளத் தடை விதித்தது. ஆகவே பெயர்ச்சீட்டு இல்லாத சாக்கில் "கார்னெட்" என்று யாராவது கொடுத்தால் எங்கிருந்து வந்தது, எதோடு கலந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். முத்திரையிட்ட 25 கிலோ மூட்டையும், அதனுடன் தனிச் சிலிக்கா எவ்வளவு என்று காட்டும் பாதுகாப்புத் தரவுத் தாளும் கேளுங்கள். அந்த அளவு ஒரு சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு மூட்டை, சலித்துப் பயன்படுத்தினால், எனக்கு ஒரு பருவம் முழுவதும் வந்தது.

5. ஈரம்

இந்தப் படியில்தான் என் முதல் மழைக்காலம் கரைந்துபோனது. மூடுபனி சூழ்ந்த ஒரு காலையில், கிண்ணத்தில் துகளை நிரப்பி விசையை அழுத்தினேன். முதலில் சீறியது, பிறகு துப்பியது, பிறகு வெறும் காற்று. கிண்ணத்தைத் திறந்து பார்த்தால் உள்ளே துகள், புட்டுக்குப் பிசைந்த மாவைப் போலக் கட்டி கட்டியாக நின்றது. விரலால் குத்தினால் குழி அப்படியே நின்றது.

ஈரக்காற்றை எட்டில் ஒரு பங்காக நெருக்கினால் அதிலிருக்கும் நீராவிக்கு இடம் போதாது. காற்று குளிர்ந்தவுடன் நீராக இறங்கிவிடும். நம் ஊர் மூடுபனியில் ஒரு சிறிய கம்ப்ரசர் ஒரு மணி நேரம் ஓடினால் அரை டம்ளர் தண்ணீர் வரை வரும். இதற்காக நாசிலுக்கு முன்னால் வாட்டர் செப்பரேட்டர் ஒன்றை மாட்டுவார்கள். அதைக் கம்ப்ரசரின் வாயிலேயே மாட்டுவது எல்லோரும் செய்யும் தவறு. அங்கே காற்று சூடாக இருப்பதால் நீர் இன்னும் ஆவியாகவே செப்பரேட்டரைக் கடந்து போய், குழாயில் குளிர்ந்து, துப்பாக்கிக்குள் வந்து இறங்கும். கம்ப்ரசரிலிருந்து பத்து மீட்டர்க் குழாயாவது ஓடிக் காற்று குளிர்ந்த பிறகு, துப்பாக்கிக்கு அருகில்தான் அதை மாட்ட வேண்டும். நான் அந்தக் குழாயைச் சுருட்டி ஒரு வாளித் தண்ணீரில் போட்டு வைக்கிறேன். எங்கள் ஊர்த் தண்ணீரின் குளிர் இந்த ஒரு வேலைக்காவது உதவுகிறது.

துகளை அடிப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் உலர்த்துங்கள். பழைய இரும்பு வாணலியில் போட்டு மிதமான தீயில் பத்து நிமிடம் கிளறி, ஆறவிட்டு, மூடி இறுக்கமான தகர டப்பாவில் அடைத்து வைத்தால் அன்றைய வேலைக்கு உதிரியாக இருக்கும். வாணலி சமையலறைக்குத் திரும்பக் கூடாது. எங்கள் வீட்டில் இதற்காக ஒரு பஞ்சாயத்தே நடந்தது. வேலை முடிந்ததும் கம்ப்ரசர்த் தொட்டியின் அடித்திருகைத் திறந்து நீரை வடித்துவிடுவதை ஒருநாளும் மறக்கக் கூடாது.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது; உதகைக்கும் கூடலூருக்கும் ஆனி, ஆடி. தை பிறந்ததிலிருந்து பங்குனி வரை, காலை பதினொரு மணிக்கு மேல் மாலை மூன்று மணிக்குள், வெயில் விழும் நாளாகப் பார்த்து அடித்தால் பாதிச் சிக்கல் தானாகவே தீரும். கம்ப்ரசரை மார்கழிக்குள் வாங்கி வைத்துவிடுங்கள்.

6. பில், உத்தரவாதம், மலையேற்றம்

ஜி.எஸ்.டி. எண்ணோடு கூடிய பில்லில் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். கம்ப்ரசரின் கையேட்டைக் கடையிலேயே புரட்டிப் பாருங்கள். மின்மோட்டார்கள் பொதுவாகக் கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரம் வரைக்குமே தரப்படுத்தப்படுகின்றன. அதற்கு மேல் காற்று மெலிவதால் மோட்டார் சரியாகக் குளிராது. அந்த வரியைக் காட்டி உத்தரவாதத்தை மறுத்தால் நீங்கள் வாயடைத்து நிற்க வேண்டியதுதான். எந்த ஊரில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதைச் சொல்லி, அதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் நான் இனி வாங்க மாட்டேன்.

இணையத்தில் வாங்கினால் துப்பாக்கி, நாசில், செப்பரேட்டர் ஆகியவை வீடு வரை வந்துவிடும். கனமான கம்ப்ரசருக்கு உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்; எனக்கு மேட்டுப்பாளையம் வரைதான் வந்தது, அங்கிருந்து மேலே ஏற்றத் தனி வாடகை கொடுத்தேன். பெட்டியைப் பிரிக்கும்போது தொடக்கத்திலிருந்து கைப்பேசியில் படம் பிடியுங்கள். அது இல்லாமல் மாற்றித் தர மாட்டார்கள். வெளியூர்ப் பதிவெண் கொண்ட வண்டியை அமர்த்தினால், 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை இருப்பதை ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

எண்ணெய் ஊற்றும் கம்ப்ரசரைப் படுக்க வைத்து ஏற்ற விடாதீர்கள். என்னுடையதைப் படுக்க வைத்தே கொண்டைஊசி வளைவுகளில் ஏற்றி வந்தார்கள். எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கிக் காற்றோடு கலந்து, முதல் மூன்று நாள்கள் நான் அடித்த பாகங்களின் மேலெல்லாம் பிசுக்காகப் படிந்தது. செப்பரேட்டரின் கண்ணாடிக் குவளையில் தேநீர் நிறத்தில் அது தேங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

மொத்தச் செலவைச் சொல்ல வேண்டுமென்றால், நான் இரண்டாம் முறை சரியாக வாங்கியபோது துப்பாக்கியும் கார்பைடு நாசிலும் சேர்ந்து 2,500 ரூபாய்க்குள் முடிந்தன. செப்பரேட்டரும் குழாயும் அதே அளவு. முகமூடி முதலியவற்றுக்கு 2,000 ரூபாய். பழைய பெல்ட் கம்ப்ரசருக்கு 18,000 ரூபாய். "குறைந்த விலை" என்ற சொல் துப்பாக்கிக்கு மட்டுமே பொருந்தும்.

7. மூச்சும் கண்ணும்

துணியைக் கட்டிக்கொள்வதும் அறுவைச் சிகிச்சை முகமூடியும் இதற்கு உதவாது. வடிகட்டியை மாற்றக்கூடிய ரப்பர் அரைமுகமூடி வேண்டும்; தாடி இருந்தால் அது முகத்தோடு ஒட்டாது. பக்கங்கள் மூடிய கண்ணாடி, காதடைப்பு, முழங்கை வரை வரும் தடித்த கையுறை ஆகியவையும் தேவை. பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றின் பக்கத்தில் கை நுழைய இரண்டு துளைகளிட்டு, மூடியில் கண்ணாடித் தகடு பதித்து, அதற்குள் வைத்து அடித்தால் தூசியும் அடங்கும், துகளும் வீணாகாது. அதைப் பெயின்ட் செதில்கள் போக மாவுச் சல்லடையில் சலித்து மறுபடி பயன்படுத்தலாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அந்தச் செதில்களைத் தேயிலைத் தோட்டத்திலோ ஓடையிலோ கொட்டாமல் தனிச் சாக்கில் கட்டி வையுங்கள்.

8. முதல் பாகம்

பேட்டரித் தட்டைப் போன்ற, போனாலும் கவலையில்லாத ஒன்றில் தொடங்குங்கள். கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, சோப்பு நீரில் அலசி, முழுவதுமாகக் காயவிட்ட பிறகே அடிக்க வேண்டும்; பிசுக்கு இருந்தால் துகள் அதில் ஒட்டிக்கொண்டு பெயின்டுக்கு அடியில் தங்கிவிடும். திருகு மறைகளில் பழைய போல்ட்டுகளை மாட்டி அடைத்துவிடுங்கள். ஒரு சாண் தூரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்து, நேராக அடிக்காமல் சாய்வாக, ஒரே இடத்தில் நிற்காமல் நகர்த்திக்கொண்டே அடியுங்கள். துரு போன இடம் பளபளக்காது. சாம்பல் நிறத்தில், வெண்ணீறு பூசியதைப்போல மங்கலாக இருக்கும். அதுதான் சரியான நிறம்.

அந்த நிறம் இங்கே அதிக நேரம் நிற்காது. முதன்முறையாகச் சுத்தமாக வந்த தட்டைக் காலையில் பெயின்ட் அடிக்கலாம் என்று திண்ணையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். விடிந்து பார்த்தபோது அதன் மேல் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய துருப்படலம், நான் விரலால் தொட்ட இடங்களில் ரேகை ரேகையாகக் கூடுதல் துரு. ஆகவே வெறுங்கையால் தொடாதீர்கள். பிரைமரைத் திறந்து, கலக்கி, பிரஷ்ஷைப் பக்கத்தில் வைத்துக்கொண்ட பிறகே விசையை அழுத்துங்கள். அடித்து முடித்ததும் வெறும் காற்றால் தூசியை ஊதி, தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, ஒரு மணி நேரத்துக்குள் முதல் பூச்சைக் கொடுத்துவிட வேண்டும். மூடுபனி இறங்குவது தெரிந்தால் எஞ்சிய பாகங்களை அப்படியே துருவோடு விட்டுவிட்டு, அடித்தவற்றுக்கு மட்டும் பூச்சு கொடுங்கள்.